பித்தளையைத் தின்னும் ஒயில்

நெடுங்கேணிப் பக்கம் நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தது நான்கு வருடம். சனம் எங்களை மிட்வைப் மிஸ் என்றுதான் கூப்பிடும். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளின் நிறை பார்ப்பது, நாள் நெருங்கினவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, இதுதான் வேலை. என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. கோடையில் அது போதும். மாரியில் அது வீட்டுக்குள் நிற்கும், நான் கௌசலா அக்காவின் ஜீப்பில் போவேன்.

சந்தியில் இருந்து பதினொரு கிலோமீற்றர் காட்டுப் பாதையில் போனால் ஒரு குடியேற்றம் வரும். இருபத்தேழு குடும்பம். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். பாதையின் நடுவில் ஒரு தாம்போதி இருக்கிறது. மழை பெய்தால் குளத்தின் மிச்சத் தண்ணீர் அந்த இடத்தில் ரோட்டுக்கு மேலால் பாயும். பஸ் இல்லை. ஐப்பசி பிறந்தால் ஓட்டோக்காரரும் வர மாட்டார்கள். கௌசலா அக்கா மட்டும் செவ்வாயும் வெள்ளியும் என்னை ஏற்றிக்கொண்டு போவார். டீசலைக் குடியேற்றத்து மாதர் சங்கம் அடித்துக் கொடுக்கும்.

அவருக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். யுத்தம் முடிந்து முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பும்போது அவர் தனியாகத்தான் திரும்பினார். அண்ணன் ஒருவர் சுவிசில். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை போன் எடுப்பார், சுகம் கேட்பார், வைப்பார். காட்டோரத்தில் ஒரு ஏக்கர் காணி, இரண்டு அறை வீடு, ஒரு கிணறு. அதற்குப் பிறகு காடுதான்.

கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் எட்டு வருடம் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறினார். முழங்கால் பழுதானதும் அவர்களே வாகனம் ஓட்டப் பழக்கி, அம்புலன்ஸ் சாரதியாகப் போட்டார்கள். வெடி எடுக்கிற இடத்தில் ஓர் அம்புலன்ஸ் எப்போதும் ஆயத்தமாக நிற்க வேண்டும். காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு, ஒயில் பார்த்து, முகப்பை வெளிப்பாதைக்கு நேரே திருப்பி நிறுத்திவிட்டு, பின்னேரம் வரை அதற்குள் இருப்பதுதான் வேலை. நான்கு வருடத்தில் இரண்டே இரண்டு தரம் உண்மையாக ஓடியதாம். ஒருதரம் பாம்புக் கடி. மற்றது வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பிள்ளை.

"மிச்ச நாள் எல்லாம் சும்மா இருந்தனான் மிஸ்," என்று ஒருநாள் சொன்னார். "ஆர் வந்து கதைக்கிறது? கிட்ட வரக்கூடாது எண்டு சட்டம்."

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒருவர் வருவார். நிறுவனத்தின் மெக்கானிக் ஜெயந்தன். வவுனியா ஆள், அக்காவின் வயதுதான், அவரும் கலியாணம் கட்டவில்லை. பொனெற்றைத் திறந்து, ஒயில் பார்க்கிற கம்பியைத் துடைத்து, விட்டு, திரும்ப எடுத்து அக்காவிடம் நீட்டுவார். நிறத்தைப் பார்க்கச் சொல்வார். எஞ்சினுக்குப் பதினைந்து நாற்பது டீசல் ஒயில். புதுக் கார்களுக்கு விடுகிற தண்ணி மாதிரி ஒயிலை விட்டால் பழைய சீல்களால் கசிந்து போய்விடும். கியர்பொக்சுக்கு ஒன்று. முன் அச்சிலும் பின் அச்சிலும் உருண்டையாகத் தொங்குகிற டிபரன்சல்களுக்கு வேறொன்று. நாலு சில்லையும் பூட்டுகிற சின்னப் பெட்டிக்குத் தனியாக ஒன்று. இப்படி நான்கு வருடம், வெள்ளிக்கு வெள்ளி, அரை மணித்தியாலம் இருவரும் ஒயிலைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை.

பிறகு அந்தப் பகுதியில் வேலை முடிந்தது. ஆட்களை நிறுத்தினார்கள், பழைய வாகனங்களை விற்றார்கள். தான் இருந்த அம்புலன்சையே அக்கா வாங்கினார். தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஜப்பான் டீசல் வாகனம். சிவப்புச் சிலுவையை அழித்து வெள்ளை அடித்தார். ஜெயந்தன் இன்னொரு நாட்டில் வெடி எடுக்கிற வேலைக்கு ஆபிரிக்காவுக்குப் போனார். போகும்போது போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாராம். மூன்று வருடமாக அக்கா அதற்கு எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முதல், புரட்டாதியில், அக்காவுக்கு டெங்குக் காய்ச்சல். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. மாரிக்கு முன் ஒயில் எல்லாம் மாற்ற வேண்டும் என்பது அவருடைய வழக்கம். தன்னால் ஏலாது என்று, பக்கத்துக் காணிக்காரரிடம் வாகனத் திறப்பைக் கொடுத்து ஒரு சேர்விஸ் இடத்துக்கு அனுப்பினார். அங்கே நின்றவர்கள் அச்சுக்கு விட்ட அதே பீப்பாயில் இருந்து கியர்பொக்சுக்கும் அடித்து விட்டிருக்கிறார்கள். நல்ல தடிப்பான ஒயில், எல்லாத்திலும் உயர்ந்தது என்று சொல்லியும் விட்டார்களாம்.

அக்கா வீடு வந்து முதல்நாள் ஓட்டியபோதே இரண்டாவது கியர் கர்ரென்று கத்தியது. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ பிழை என்று விளங்கியது. வாகனத்தை ஓரங்கட்டி, கீழே படுத்து, கியர்பொக்ஸ் மூடியின் விளிம்பில் கசிந்திருந்ததை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். வெடிக்காத சீனவெடியை உடைத்தால் வருமே, அப்படி ஒரு மணம்.

"இது டிபரன்சல் ஒயில்," என்றார்.

அந்தக் கிழமைதான் ஜெயந்தனுக்கு முதன்முறை குரல் செய்தி அனுப்பினார். மூன்று தரம் பேசி அழித்துவிட்டு நான்காம் தரம் அனுப்பியதாகப் பிறகு சொன்னார். பதில் வரப் பதினாறு நாள் சென்றது. நாங்கள் குடியேற்றத்தில் இருந்து திரும்பி வருகிறோம். பாலைமரத்து வளைவில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் வரும். அங்கே டிங் என்றது. அக்கா நிறுத்தினார். காதில் வைத்துக் கேட்பார் என்று நினைத்தேன், அப்படியே சத்தமாகப் போட்டார்.

"கௌசலா, கடிதம் வந்த மாதிரி இருக்கு உங்கட குரலைக் கேக்க," என்று தொடங்கியது. "அது பிழையான ஒயில்தான். கியர்பொக்சுக்குள்ள பித்தளை வளையங்கள் இருக்கு. இந்த ஒயிலில கந்தகம் கூட, அது பித்தளையைத் தின்னும். டிசம்பர் பன்னிரண்டாந் திகதி லீவில வாறன். உங்கட வீட்டுக்கு வந்து நானே கழட்டிப் பாக்கிறன். அதுவரைக்கும் ஓட்டாதேங்கோ, ஒண்டும் மாத்தாதேங்கோ. எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு நான் பாக்கவேணும்."

அக்கா அதைத் திரும்பவும் போட்டார். பிறகு இன்னொருதரம். மூன்றாம் தரம் கேட்கும்போது அவர் ஒயிலைப் பற்றிய பகுதியைக் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. நான்கு வருடம் வெள்ளிக்கு வெள்ளி கண்ட மனிதர் ஒருநாளும் அவருடைய வீட்டு வாசலுக்கு வந்ததில்லை.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனாலும் யோசித்தேன்: பிழையான ஒயில் என்றால் உடனே மாற்றச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் டிசம்பர் வரைக்கும் வைத்திருக்கச் சொல்கிறார்? அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வருவதற்கு, இருவருக்கும் தெரிந்த ஒரு சாட்டு அது.

அடுத்த நாளே ஜீப்பைக் கொட்டிலில் விட்டுத் தறப்பாள் போட்டு மூடினார். முற்றத்துப் புல்லைச் செருக்கினார். கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து பூசினார். சந்தைக்குப் போய் ஆறு தேத்தண்ணிக் கோப்பை ஒரே மாதிரி வாங்கி வந்தார். அவருடைய வீட்டில் அதுவரைக்கும் ஒரு கோப்பைதான் இருந்தது. நான் போனால் எனக்கு அதில் தந்துவிட்டுத் தான் போத்தலில் குடிப்பார்.

கார்த்திகை மழை அந்த வருடம் முன்னமே பிடித்துக்கொண்டது. குடியேற்றத்தில் ராஜினி என்றொரு பிள்ளை, இருபத்தாறு வயது, இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருந்தவள். கடைசியாகப் பார்த்தபோது காலில் வீக்கம், பிரஷரும் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் வந்து நில் என்று சொன்னேன். மூத்த பிள்ளையை விட ஆளில்லை, புருஷன் கொக்கிளாய்ப் பக்கம் கடல் வேலைக்குப் போய்விட்டான், பிறகு வாறன் என்றாள். ஒரு கிழமை கழித்து அவளுடைய தாய் அழகம்மா சிக்னல் வருகிற பாலைமரத்து வளைவு வரைக்கும் நடந்து வந்து எனக்குப் போன் எடுத்தா. பிள்ளைக்குத் தலையிடியாம், கண் மங்குதாம். தாம்போதியில் தண்ணீர் பாயத் தொடங்கிவிட்டது. அலுவலக வாகனம் வெள்ளம் நின்ற வேறு ஊர்களுக்குப் போயிருந்தது. பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று கேட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. அந்தப் பாதையில், அந்தத் தண்ணீரில், அப்படியான ஒரு பிள்ளையைப் பெட்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வரவும் மனம் வரவில்லை.

நான் கௌசலா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அப்போது நேரம் காலை ஏழு இருக்கும். அவர் கொட்டிலுக்குள் தறப்பாளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜினியை ஏற்றி வரப் போவோமா என்ற கேள்வியை நான்தான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும், என்ன கேட்கிறேன் என்று.

அவர் தறப்பாளை முழுவதுமாக இழுத்துக் கீழே போட்டார்.

"இந்த ஒயிலோட போனால் தாம்போதிக்குள்ள கியர் விழாமல் நிண்டாலும் நிக்கும்," என்றார். "மாத்திப்போட்டுத்தான் போகவேணும். மத்தியானம் வரைக்கும் அவள் தாங்குவாளோ?"

கொடுத்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி அழகம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நேரம் சொல்ல ஏலாது என்றேன். அக்கா சீலையை மாற்றிக்கொண்டு எட்டு மணி வவுனியா பஸ்சில் ஏறினார். நானும் போனேன். வீட்டில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை.

வவுனியாவில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில், என்னென்ன ஒயில் இருக்கிறது என்று கேட்ட அக்காவிடம், வீட்டுக்காரரைக் கொண்டு கதைக்கச் சொல்லுங்கோ என்றார்கள். இரண்டாவது கடையில் நின்றவர் அன்பாகத்தான் கதைத்தார். ஆனால் கியர் ஒயிலில் தர இலக்கம் நான்கு என்று எழுதியதைக் கேட்ட அக்காவுக்கு ஐந்து என்று எழுதிய கானை எடுத்து வைத்தார். நான்கு பழசு, ஐந்து புதுசு, எல்லாரும் இப்போது இதைத்தான் கொண்டு போகிறார்கள் என்றார்.

"இலக்கம் கூடினால் நல்லது எண்டில்லை," என்றார் அக்கா. "ஐந்து, அச்சுக்குள்ள இருக்கிற பல்லுக்கு. என்ர கியர்பொக்சுக்குள்ள பித்தளை இருக்கு. எனக்கு நாலுதான் வேணும்."

மூன்றாவது கடையில் இறாக்கைத் தட்டுக்குப் பின்னால் தூசி படிந்து அந்த இலக்க ஒயில் நான்கு கான் கிடந்தது. அக்கா எழுத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்து, எழுத்துக்கூட்டி வாசித்து, நான்கையும் வாங்கினார். வரும்போது பஸ்சில் ஆளுக்கு இரண்டாக மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கௌசலா அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒயில் சூடாக இருந்தால்தான் அழுக்கோடு வடியும் என்று வாகனத்தைக் காணிக்குள்ளேயே பத்து நிமிடம் ஓட்டினார். பிறகு சாக்கைப் போட்டுக் கீழே படுத்தார். முதலில் ஊற்றுகிற வாயின் மூடியைத்தான் திறந்தார். வடிக்கிற மூடியை முதல் திறந்துவிட்டு, ஊற்றுகிற மூடி இறுகிப்போய் வராவிட்டால் வாகனம் அதோடு நின்றுவிடும் என்றார். அது திறந்த பிறகு கீழ் மூடியைக் கழற்றினார். நான் பிடித்திருந்த வெள்ளை பேசினுக்குள் ஒயில் விழுந்தது.

அதற்குள் பொன்தூள் மிதந்தது. அவ்வளவு அழகாக இருந்தது அது. அக்கா விரலை விட்டு எடுத்து வெயிலில் பார்த்தார்.

"தின்னத் தொடங்கிட்டுது," என்றார். "டிசம்பர் வரைக்கும் வைச்சிருந்தால்..."

மூடியைப் பூட்டிவிட்டு, ஒரு நீண்ட குழாயும் புனலும் வைத்து என்னை மேலே இருந்து ஊற்றச் சொன்னார். ஊற்றுகிற வாயால் வழியும் வரை ஊற்றினேன். வடித்த ஒயிலில் கொஞ்சத்தை ஒரு சோடாப் போத்தலில் எடுத்து மூடி இறாக்கையில் வைத்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குத் தாம்போதியில் நின்றோம். தண்ணீர் முழங்காலுக்கு மேலே, மண்ணிறத்தில் ஓடியது. அக்கா இறங்கி ஒரு தடியால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே பாதி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். நாலு சில்லையும் பூட்டுகிற சின்னக் கியர்க் கம்பியைப் போட்டு, இரண்டாவது கியரை வைத்தார். அது இலேசாகக் கத்திவிட்டு விழுந்து பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அக்கரை ஏறும் வரைக்கும் கியரையும் மாற்றவில்லை, கிளச்சையும் மிதிக்கவில்லை. போகும்போது ஒருதரம். ராஜினியைப் பின்னால் மெத்தையில் கிடத்திக்கொண்டு வரும்போது ஒருதரம். வரும்போது தண்ணீர் இன்னும் கூடியிருந்தது. நான் ராஜினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பார்க்க எனக்குத் துணிவில்லை.

நெடுங்கேணி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே வயிற்றில் ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, நிறை குறைவு. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டொக்டர் என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் அக்கா இரண்டு அச்சையும் திறந்து பார்த்தார். முன் அச்சுக்குள் தண்ணீர் போய் ஒயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. அதையும் மாற்றினார். இதற்கு மட்டும் ஐந்து என்று எழுதிய ஒயில், அதுதான் அதற்குச் சரி. ஆக டிசம்பர் பன்னிரண்டாந் திகதி ஜெயந்தன் வந்தபோது அந்த வாகனத்தில் அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு நான் ராஜினியின் பிள்ளையின் படத்தைக் காட்டவென்று போனேன். வேலியோரம் ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் கட்டியபடியே கழற்றிப் பூட்டுகிற சாமான்களின் பை. அவிழ்க்கப்படவில்லை. மெலிந்த, முன்தலை வழுக்கையான மனிதர் ஒருவர் அந்த சோடாப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நீலச் சீலை உடுத்தியிருந்தார். புதுக் கோப்பைகளில் மூன்றில் தேத்தண்ணி வந்தது. நான் குடித்துவிட்டுப் பொய்யாக ஒரு வேலை சொல்லி எழும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா தைமாதத்தில் ஒருநாள், பாதையைப் பார்த்தபடியே, ஒரேயொரு தரம் எனக்குச் சொன்னார்.

ஜெயந்தன் வாகனத்தை எடுத்துக் குளக்கட்டு வரைக்கும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். வந்து, அழுக்கில்லாத கையைத் துணியில் துடைத்தாராம். வளையம் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் கனகாலம் ஓடும், கழற்றத் தேவையில்லை என்றாராம். தான் வேலை செய்கிற நாட்டில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். பிறகு கொஞ்சநேரம் இருவரும் மழை வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"நீங்கள் காத்திருந்திருக்கலாம்," என்றிருக்கிறார் அவர்.

"ராஜினிக்கு நாள் இருக்கேல்லை," என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"ஓம். அது சரி," என்றுவிட்டு எழும்பினாராம்.

கையெழுத்து எப்போது வைத்தீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. கார்த்திகையிலா, அதற்கு முன்னமா, இல்லை, அங்கே வந்து வாகனத்தைப் பார்த்த பிறகு யோசித்துச் சொன்னதா என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

"இருங்கோ, சாப்பிட்டுப் போங்கோ எண்டாவது சொல்லியிருக்கலாமே அக்கா," என்றேன் நான்.

"நாங்கள் ஒயிலைப் பற்றித்தான் கதைச்சனாங்கள் மிஸ்," என்றார். "வேற என்னமாதிரித் தொடங்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அவருக்கும் தெரியேல்லைப் போல."

அந்தச் செவ்வாய் ராஜினி வீட்டில் குழந்தைக்கு நிறை பார்த்தேன். அக்கா வழமைபோல வாகனத்துக்குள்ளேயே இருந்தார். அழகம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தா. அவர் அசையாமல், ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். நான் வேலை முடித்து வாகனத்துக்கு வரும்வரைக்கும் குழந்தை அங்கேயே தூங்கியது.

அடுத்த சித்திரையில் எனக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக நானே கேட்டிருந்த மாற்றம்தான். சொல்லப் போனபோது அக்கா, நல்லது மிஸ், அங்கை ரோட்டெல்லாம் தார் என்றார். தாம்போதிக்கு இப்போது பாலம் கட்டுகிறார்கள். கட்டி முடிந்தால் ஓட்டோ போகும், அவருடைய ஜீப் தேவைப்படாது. அதைச் சொன்னபோது அவருடைய குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுப்பேன். முதல் சில மாதம் அவர் சொன்னதெல்லாம் வாகனத்தைப் பற்றித்தான். காலையில் குளிரில் இரண்டாவது கியர் இன்னும் கொஞ்சம் கத்துகிறது, பிறகு சரியாகிறது. ஜெயந்தன் மாதத்துக்கு ஒருமுறை செய்தி போடுகிறார், ஒயில் எப்படி என்று கேட்கிறார், நல்லாய் இருக்கு என்று இவர் பதில் போடுகிறார். நான் வேண்டுமென்றே வேறு ஏதாவது கேட்பேன்: என்ன சமைத்தீர்கள், அண்ணன் எடுத்தாரா. போன் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் காட்டில் ஏதோ குருவி கத்துவது எனக்குக் கிளிநொச்சியில் கேட்கும்.

போன ஞாயிறு அவராகவே ஒன்று சொன்னார். பின்வளவில் பயறு போட்டிருக்கிறாராம். இரண்டு மயில் விடியப்புறம் வந்து முளையைக் கொத்துகிறதாம். கல்லெறிந்து கலைக்கப் போனவர் கலைக்கவில்லையாம்.

"ஏன் அக்கா?"

"தெரியேல்லை," என்றார். கொஞ்சநேரம் கழித்து, "நாளைக்கும் வருதோ எண்டு பாப்பம்," என்றார்.